‘விடுங்கண்ணே!’ என்ற பிறகும் கை அடிப்பது ஏன்?

கேள்வி: ஞாயிறு காலையில் சமூக மன்றத்தில் பூப்பந்து இரட்டையர் ஆடுகிறோம். பந்து வெளியே போகும் என்று தெரிந்தால் கூட்டாளி “விடுங்கண்ணே!” என்று கத்துவார். சில நேரம் மட்டை நின்றுவிடுகிறது. சில நேரம் காதில் விழுந்தும் அடித்துவிடுகிறேன். வயது 58. நரம்புக் கோளாறா?
– ஈசூன் வாசகர்

பதில்: தம்பி (எனக்கு 66, அந்த உரிமையில் கூப்பிடுகிறேன்), இது மட்டும்தான் என்றால் கவலை வேண்டாம். மன்றத்தில் நானும் இதற்காகத் திட்டு வாங்கியவன்தான்.

‘அடி’, ‘நிறுத்து’ என்ற இரண்டு உத்தரவுகளும் மூளைக்குள் பந்தயம் ஓடுகின்றன. 1984இல் லோகன், கோவன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். ‘அடி’ முன்னாலேயே கிளம்பிவிட்டது. ‘நிறுத்து’ பின்னால் வந்து அதை முந்த வேண்டும். அதற்கு இளவட்டங்களுக்கே கிட்டத்தட்ட கால் விநாடி பிடிக்கிறது. நம் வயதில் இன்னும் கொஞ்சம். சத்தம் அதைவிடப் பிந்தி வந்தால் காது கேட்கும், கை கேட்காது.

பிரேக் எங்கே இருக்கிறது? வலப்பக்க முன்மூளையின் கீழ்ப்பகுதி, மூளையின் ஆழத்தில் பருப்பு வடிவத்தில் இருக்கும் சப்தலாமிக் நியூக்ளியஸைத் தட்டுகிறது. அசைவுக்கு வழிவிடும் தலாமஸ் உடனே அமுக்கப்படுகிறது. (நடுக்குவாதக்காரர்கள் பலருக்கு மின்முனை பொருத்துவதும் இந்த முடிச்சில்தான்.) சற்று முரட்டுப் பிரேக் இது. நிறுத்தச் சொன்னது கையைத்தான் என்றாலும், அந்தக் கணம் கால் தசைகளுக்குப் போகும் தூண்டலும் தணிகிறது. மட்டையை நிறுத்தியபின் பந்து கோட்டுக்குள்ளேயே விழ, சிலையாக நின்று பார்த்திருப்பீர்களே? அதில் இதற்கும் பங்குண்டு என்பது என் ஊகம்.

அப்புறம், ‘கத்துவாரோ, கத்துவாரோ’ என்று காதைத் தீட்டிக்கொண்டே ஆடாதீர்கள். நிறுத்தச் சொல்லக்கூடும் என்று எதிர்பார்ப்பவரின் அசைவே தாமதமாகிறது. சோதனைகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது இது. சுலபமான பந்தையும் பிந்தி அடிக்கிறீர்கள் என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

கூட்டாளியை முன்கூட்டியே கத்தச் சொல்லுங்கள். ‘விடுங்கண்ணே’ ஆறெழுத்து, ‘விடு’ போதும். மரியாதையை ஆட்டம் முடிந்து கோப்பிக்கடையில் தே குடிக்கும்போது சேர்த்துக் கொடுக்கட்டும்.