பாலிப்புக்காகக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டுமா?

சகோதரி, 43 வயது, மாதவிலக்குக்கு நடுவிலும் ரத்தக்கசிவு, ஸ்கேனில் 1.6 செ.மீ. பாலிப், "பிள்ளை பெற்றாகிவிட்டதே, கர்ப்பப்பையை எடுத்துவிடு" என்று நாத்தனார் சொல்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். சரி, முதலில் நாத்தனார் பேச்சை ஒதுக்கி வையுங்கள்.

பாலிப் என்பது கர்ப்பப்பையின் உள்சவ்வு ஓரிடத்தில் அதிகமாக வளர்ந்து, காம்போடு மரு மாதிரித் தொங்குவது. தசையிலிருந்து வளரும் ஃபைப்ராய்டு வேறு. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பெரும்பாலான பாலிப்புகள் புற்றுநோய் அல்ல. 1 செ.மீ.க்கும் குறைவாக, தொந்தரவு தராமல் இருந்தால் சில தானாகவே மறைவதும் உண்டு. உங்களுக்குக் கசிவு இருப்பதால் எடுப்பதே நல்லது.

அதற்கு ஹிஸ்டெரோஸ்கோப்பி போதும். வயிற்றில் வெட்டு, தையல் எதுவும் கிடையாது. பிறப்புறுப்பு வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்தி, பார்த்துக்கொண்டே வேரோடு எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். பார்க்காமல் சுரண்டும் டி அண்ட் சி மட்டும்தான் செய்வோம் என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அதில் பாலிப் தப்பிவிடக்கூடும். எடுத்த சதை பயாப்சிக்கு (புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் சதைப் பரிசோதனைக்கு) போகிறதா என்பதையும் கட்டாயம் கேளுங்கள். கர்ப்பப்பையை எடுக்கும் பேச்சு வருவதென்றால், அந்த முடிவைப் பார்த்த பிறகுதான்.

மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், அது பாலிப் வரும் வாய்ப்பைக் கூட்டும். அப்புறம், ஹீமோகுளோபின் பார்த்தீர்களா? இவ்வளவு நாள் கசிவுக்கு அதையும் பார்த்துவிடுங்கள்.