கேள்வி பதில்: நியமித்தவருக்கே நடுவர் வேண்டியவரா?

சென்ற இதழில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய கிஷன்கங்கா அணை வழக்கைப் பற்றி எழுதும்போது, அதற்குத் தலைமை தாங்கிய நடுவர் ஸ்டீபன் ஷ்வேபெல் என்ற அமெரிக்கர் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சரி, இந்த இதழ் முழுக்க அவரே இருந்துவிட்டுப் போகட்டும்.

கே: யார் இந்த ஷ்வேபெல்? என் மகள் சட்டக் கல்லூரியில் ஜெஸ்ஸப் போட்டிக்குத் தயாராகிறாள், அவள் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்ட ஞாபகம். (வாசகர், மதுரை)

ப: உங்கள் மகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இன்று உலகம் முழுவதும் சட்ட மாணவர்கள் மல்லுக்கட்டும் ஜெஸ்ஸப் மாதிரி நீதிமன்றப் போட்டி 1960இல் ஹார்வர்டில் தொடங்கியபோது, முதல் கற்பனை வழக்கை எழுதிக் கொடுத்தவர் அங்கே உதவிப் பேராசிரியராக இருந்த ஷ்வேபெல்தான். கியூபாவின் நிலச் சீர்திருத்தத்தை வைத்து அதை எழுதினார். (பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளி 1999இலும் 2013இலும் இந்தக் கோப்பையை வென்றிருக்கிறது. மகளுக்குச் சொல்லிவையுங்கள், தெம்பாக இருக்கும்.)

1929இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஹார்வர்டில் பட்டம், யேலில் சட்டம், கொஞ்ச காலம் தனியார் வக்கீல் வேலை, கொஞ்ச காலம் வாத்தியார் வேலை, அப்புறம் அமெரிக்க வெளியுறவுத் துறையில் சட்ட ஆலோசகர். 1981இல் தி ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு நீதிபதியாகப் போய் 2000 வரை இருந்தார், கடைசி மூன்று ஆண்டுகள் தலைவராக. அதற்கு அப்புறம் முழுநேர நடுவர்.

கே: அமெரிக்க அரசிடம் சம்பளம் வாங்கியவர் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பு சொல்லியிருப்பாரா? சும்மா கதை விடாதீர்கள். (வாசகர், தஞ்சாவூர்)

ப: கதை விடவில்லை, பக்கம் பக்கமாக அச்சில் இருப்பதையே சொல்கிறேன். உங்கள் சந்தேகத்துக்கு அதில் நிறையவே தீனி இருக்கிறது.

1984இல் நிகராகுவா அமெரிக்காவின் மீது வழக்குப் போட்டது. துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்தார்கள், நிகராகுவா அரசை எதிர்த்த கான்ட்ரா கிளர்ச்சிக்காரர்களுக்கு ஆயுதமும் பணமும் கொடுத்தார்கள் என்பது புகார். இந்த வழக்கை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்விக்கு அந்த ஆண்டு நவம்பரில் உண்டு என்று 15 பேரும் இல்லை என்று ஒரே ஒருவரும் வாக்களித்தார்கள். அந்த ஒருவர் ஷ்வேபெல். 1986 ஜூன் 27ஆம் தேதி இறுதித் தீர்ப்பு வந்தது. முக்கியமான அம்சங்களில் 12 பேர் அமெரிக்காவுக்கு எதிராக, மூன்று பேர் மாறுபட்டு. அந்த மூன்றிலும் அவர் இருந்தார், கூட ஜப்பானின் ஓடா, பிரிட்டனின் ஜென்னிங்ஸ். அன்றைக்குத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் நம் ராஜஸ்தான்காரர் நாகேந்திர சிங்.

ஷ்வேபெலின் மாறுபட்ட கருத்து மூலத் தீர்ப்பைவிட நீளமானது. எல் சால்வடார் கிளர்ச்சிக்காரர்களுக்கு நிகராகுவா ஆயுதம் அனுப்பியது, அதை நீதிமன்றத்திடம் மறைத்தது என்பதுதான் அவர் வாதத்தின் முதுகெலும்பு. ஆனால் ஒன்று கவனியுங்கள். கண்ணிவெடி வைத்ததைக் கப்பல்களுக்கு எச்சரிக்காமல் விட்டது தப்பு என்ற அம்சத்தில் 14 பேர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். அந்த ஒருவர் ஓடா. அதாவது அந்த இடத்தில் ஷ்வேபெல் தன் நாட்டுக்கு எதிராகத்தான் வாக்களித்தார். என்னைக் கேட்டால், அவர் பெரும்பாலும் வாஷிங்டனின் கண்ணாடி வழியாகவே உலகத்தைப் பார்த்தார், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடும் ஆள் இல்லை. இரண்டும் உண்மைதான்.

கே: எங்கள் நாட்டு நீதிபதி வீரமந்திரி அவர்களும் அதே காலத்தில் அங்கே இருந்தாரே. இருவருக்கும் ஒத்துப்போனதா? (வாசகி, யாழ்ப்பாணம்)

ப: அம்மா, நல்ல கேள்வி. சி.ஜி. வீரமந்திரி இலங்கை உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்து, ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பல காலம் பாடம் நடத்தி, 1991இல் தி ஹேக் போனவர். அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது சட்டத்துக்குப் பொருந்துமா என்று ஐ.நா. பொதுச்சபை கேட்டபோது 1996 ஜூலையில் நீதிமன்றம் 7-7 என்று சரிபாதியாகப் பிளந்து நின்றது, பொதுவாகச் சட்டவிரோதம், ஆனால் நாடே அழியும் நிலையில் தற்காப்புக்கு என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது என்ற முடிவு தலைவரின் கூடுதல் வாக்கில்தான் நிறைவேறியது. அதை எதிர்த்த ஏழு பேரில் ஷ்வேபெலும் உண்டு, வீரமந்திரியும் உண்டு! ஆனால் ஒரே அணி என்று நினைத்துவிடாதீர்கள். வீரமந்திரிக்கு, எந்தச் சூழ்நிலையிலும் கூடவே கூடாது என்று பெரும்பான்மை தெளிவாகச் சொல்லவில்லையே என்ற குறை. ஷ்வேபெலுக்கோ, இந்த அளவுக்குச் சொன்னதே அதிகம் என்ற குறை. அடுத்த ஆண்டே ஒருவர் தலைவர், மற்றவர் துணைத்தலைவர்.

1999 மார்ச்சில் ஒரு சம்பவம். ஜெர்மன் குடிமகன் ஒருவருக்கு அரிசோனாவில் மறுநாள் மரண தண்டனை, நிறுத்தச் சொல்லுங்கள் என்று ஜெர்மனி முந்தின நாள் மாலை மனுக் கொடுக்கிறது. எதிர்த்தரப்பு அமெரிக்கா. வழக்காடும் நாட்டின் குடிமகன் அந்த வழக்கில் தலைவராக அமரக் கூடாது என்பது நீதிமன்றத்தின் விதி. எனவே ஷ்வேபெல் நாற்காலியை விட்டு இறங்கி மற்றவர்களோடு அமர, வீரமந்திரி தலைமை ஏற்றார். எதிர்த்தரப்பை முறையாக விசாரிக்காமலே, ஒரே நாளில், ஒருமனதாக இடைக்கால உத்தரவு. ஷ்வேபெல் இந்த நடைமுறை தனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்று தனியாக எழுதி வைத்தார், ஆனால் எதிர்த்து வாக்களிக்கவில்லை. அன்றைக்கே அரிசோனாவில் தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள். இந்த மாதிரி இடைக்கால உத்தரவுக்கு நாடுகள் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று 2001இல் அதே வழக்கில் நீதிமன்றம் அடித்துச் சொன்னது.

கே: ஏற்றுமதி ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் ஆளுக்கொரு நடுவர், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவர் என்று ஷரத்து இருக்கிறது. நான் போடும் ஆள் எனக்காகப் பேசுவார்தானே? (வாசகர், திருப்பூர்)

ப: பேச மாட்டார், பேசவும் கூடாது. உங்களுக்காகப் பேச வேண்டியவர் உங்கள் வக்கீல். நீங்கள் போட்ட நடுவர் உங்கள் தரப்பைப் பொறுமையாகப் படிப்பார் என்று மட்டும் நம்பலாம், அவ்வளவுதான். இதற்கு ரஷ்யா நல்ல உதாரணம். யூகோஸ் எண்ணெய் நிறுவனத்தை அரசு விழுங்கிவிட்டது என்று அதன் பெரும் பங்குதாரர்கள் நடுவர் மன்றம் போனார்கள். மூன்று நடுவர்களில் ஒருவரை ரஷ்யா நியமிக்க வேண்டும். அது நியமித்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? ஷ்வேபெலை! முன்னாள் அமெரிக்க அதிகாரியை. 2014 ஜூலையில் தீர்ப்பு வந்தது. 5,000 கோடி டாலருக்கு மேல் ரஷ்யா கொடுக்க வேண்டும், அதுவும் ஒருமனதாக. தன்னை நியமித்த தரப்புக்கு எதிராகவே அவர் கையெழுத்துப் போட்டார். ரஷ்யா விட்டுவிடவில்லை, தீர்ப்பின் பெரும்பகுதியை மன்றத்தின் உதவியாளர்தான் எழுதினார் என்றுகூடப் புகார் சொன்னது, 2016இல் தி ஹேக் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது, 2020இல் மேல்முறையீட்டில் அது மறுபடி உயிர் பெற்றது, இப்படி டச்சு நீதிமன்றங்களில் பல வருடம் இழுத்தது. நீங்களும் ஜெயித்த கையோடு பணம் வந்துவிடும் என்று கணக்குப் போட வேண்டாம்.

கே: காவிரிக்கு நடுவர் மன்றத்தை மத்திய அரசு போட்டது. இந்தியா, பாகிஸ்தான் சண்டையில் யார் போடுவது? (வாசகர், கும்பகோணம்)

ப: 1960 சிந்து நதி ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழு பேர். ஆளுக்கு இரண்டு பேரை இரு நாடுகளும் போடும். மீதி மூன்று பேரைப் பொதுவாகத் தேர்ந்தெடுக்க முடியாவிட்டால், வெளியிலிருந்து யார் தேர்ந்தெடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அந்த மூவர்: தலைவர், ஒரு பொறியாளர், ஒரு சட்டநிபுணர். கிஷன்கங்காவில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஐ.நா. பொதுச் செயலாளருக்கும், பொறியாளரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு லண்டன் இம்பீரியல் கல்லூரியின் தலைவருக்கும் போனது. ஆற்றைப் பற்றிய வழக்கில் ஒரு நீரியல் பேராசிரியரும் நீதிபதிகளோடு சமமாக உட்கார்ந்து வாக்களிக்கிறார் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மன்றம் 2011 ஜூனில் அணை கட்டும் இடத்துக்கே நேரில் போய்ப் பார்த்தது.

2013 பிப்ரவரியில் வந்த தீர்ப்பில் 330 மெகாவாட் மின்நிலையத்துக்காக இந்தியா தண்ணீரைத் திருப்பலாம் என்றார்கள். டிசம்பரில் வந்த இறுதித் தீர்ப்பில், அணைக்குக் கீழே ஆற்றில் விநாடிக்கு 9 கனமீட்டர் தண்ணீராவது ஓட வேண்டும், மேலிருந்து வருவதே அதைவிடக் குறைவு என்றால் வருவது முழுவதையும் விட வேண்டும் என்று அளவு வைத்தார்கள். இந்தியாவுக்கு அணை, பாகிஸ்தானுக்குத் தண்ணீருக்கு ஒரு எண். 2025 ஏப்ரலில் ஒப்பந்தத்தையே நிறுத்தி வைப்பதாக இந்தியா அறிவித்துவிட்டது, அது தனிக் கதை.

கே: பதவியில் இருக்கும் நீதிபதியே நடுவராகவும் போகலாமா? (வாசகி, சேலம்)

ப: முன்பு போனார்கள். ஷ்வேபெலே சர்வதேச நீதிமன்றத்தில் இருந்தபடி, செங்கடலின் ஹனிஷ் தீவுகளுக்காக எரித்திரியாவும் ஏமனும் மோதிய வழக்கில் எரித்திரியா நியமித்த நடுவராக இருந்தார். நிறுவனங்கள் அரசுகள் மீது போடும் முதலீட்டு வழக்குகளுக்கு நீதிபதிகள் இனி நடுவராகப் போவதில்லை என்று 2018இல் நீதிமன்றத் தலைவர் அறிவித்தார். சரியான முடிவு, கொஞ்சம் தாமதமான முடிவு.

கே: நடுவர்களுக்கு ரிடையர்மென்ட் வயது? (வாசகர், ஈரோடு)

ப: கிடையாது. கிஷன்கங்கா இறுதித் தீர்ப்பில் கையெழுத்திட்டபோது ஷ்வேபெலுக்கு 84, யூகோஸுக்கு 85.