ஒன்பதாவது படி

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு 46 வயது. திருமணமாகி 19 வருடங்கள் ஆகின்றன. எங்களுக்குள் சண்டை சச்சரவு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அதனாலேயே இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. பிரச்சினை ஒரு விளையாட்டு சம்பந்தப்பட்டது.

ஜியோகேச்சிங் என்று ஒரு புதையல் வேட்டை உண்டு. யாரோ ஒருவர் வெளியில் எங்காவது ஒரு சின்னப் பெட்டியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஆப்பில் போட்டிருப்பார். நாம் ஜிபிஎஸ் வைத்துத் தேடிப் போய் அதை எடுத்து, உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். புதிர் வகை என்றால் எண்களை நேராகத் தர மாட்டார்கள். புதிரை விடுவித்தால்தான் எண் கிடைக்கும். எனக்கு அந்த வகைதான் உயிர்.

ஆறு வருடங்களாக நானும் கணவரும் சேர்ந்து போகிறோம். இதுவரை 212 பெட்டிகள். சேர்ந்து என்று சொல்கிறேனே தவிர, எல்லாம் என் தலையில்தான். முந்தின நாள் இரவே உட்கார்ந்து புதிரை அலசுவது நான். எந்தப் பாதையில் போகலாம் என்று பார்ப்பது நான். அவர் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வருவார், அவ்வளவுதான். போனில் சார்ஜ் இருக்காது. பேனா எடுத்து வைத்தீர்களா என்று கேட்டால் அப்போதுதான் தேடுவார். நான் வேகமாக நடந்தால் அவர் பத்தடி பின்னால் வருவார். புதிர்ப் பக்கத்தை ஒருமுறையாவது படித்துவிட்டு வாருங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று கட்டப் புதிர் அது. பழைய நீர்த்தொட்டிக்கு ஏறும் கல்படிகளை எண்ண வேண்டும். அட்சரேகையை டிகிரி, நிமிடம் என்று பிரித்து எழுதும்போது, நிமிட எண்ணில் புள்ளிக்குப் பின்னால் வரும் முதல் இலக்கம் அது. நடைபாலத்தின் தூண்கள் இரண்டாவது இலக்கம். ஒரு பெயர்ப்பலகையில் இருக்கும் எழுத்துகள் மூன்றாவது. நான் படிகளை எண்ணினேன், எட்டு. அவர் கீழே நின்று காலால் இலைச் சருகை ஒதுக்கிக்கொண்டிருந்தார். மண்ணில் பாதி புதைந்த மாதிரி இன்னொரு கல் கிடந்தது. “ஒன்பது வருதே” என்றார். நான் எட்டு என்று எழுதிக்கொண்டு நடந்துவிட்டேன். அந்த எண் காட்டிய இடத்தில் முள்ளுப் புதருக்குள் ஒன்றரை மணி நேரம் தேடினோம். கையெல்லாம் கீறல். கடைசியில் எனக்கே சந்தேகம் வந்து, எட்டை ஒன்பதாக மாற்றிப் போட்டுப் பார்த்தேன். 185 மீட்டர் தள்ளி, ஒரு வேருக்கு அடியில் பெட்டி இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவ்வளவு உறுதியாகத் தெரிந்தால் அழுத்திச் சொல்ல வேண்டாமா? ஒரு தடவை முணுமுணுத்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் என்னோடு புதரைக் கிளறிக்கொண்டு இருந்தாரே!

எல்லாவற்றிலும் இப்படித்தான். பெட்டி கிடைக்காவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று பதிவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பார். எனக்கு அது பிடிக்காது. நான் இதுவரை அப்படி ஒரு பதிவுகூடப் போட்டதில்லை. திரும்பத் திரும்பப் போயாவது எடுத்துவிடுவேன். அவருக்கு அந்த வைராக்கியமே இல்லை. (அப்புறம் இன்னொன்று. குறிப்பேட்டில் எழுதுவது எப்போதும் அவர் வேலை, அவர் கையெழுத்து அழகாக இருக்கும். கடைசி நான்கு பெட்டிகளில் என் பெயரை மட்டும்தான் எழுதியிருக்கிறார். ஏன் என்று கேட்டால் “கண்டுபிடிச்சது நீதானே” என்கிறார். என்னோடு வருவதே இவருக்குச் சலித்துவிட்டதோ என்று சில சமயம் தோன்றும். சரி, அதை விடுங்கள். ஆப்பில் நான் இருவர் கணக்கிலும் பதிவு போட்டுவிடுகிறேன், அதனால் எண்ணிக்கையில் குறைவு இல்லை.)

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த விளையாட்டுக்கு என்னை அழைத்துப் போனதே அவர்தான். அப்போது எனக்கு வேலை போய், நான் வீட்டை விட்டு வெளியே வராமல் முடங்கிக் கிடந்தேன். முதல் பெட்டி ஒரு மரப்பொந்தில், கறுப்பு டேப் சுற்றிய பிலிம் டப்பா. அதை நான் எடுத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. போனவுடனேயே அதை அவர் பார்த்துவிட்டாராம். நானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று அரைமணி நேரம் சும்மா நின்றாராம். ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார். அப்படி இருந்தவர் இப்படி ஆகிவிட்டாரே என்பதுதான் என் வருத்தம்.

அவருக்கு எப்படி ஆர்வத்தை வரவழைப்பது? அடுத்த தடவையாவது சார்ஜ் போட்டு, பேனா எடுத்து, புதிரைப் படித்துவிட்டு வர வைப்பது எப்படி? வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சார்ஜ், பேனா, பின்னால் நடப்பது, படிக்காமல் வருவது, இவற்றுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு, ‘சரி, அதை விடுங்கள்’ என்று எழுதினீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

உங்கள் விளையாட்டில் குறிப்பேடு என்பது என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2000 மே மாத ஆரம்பத்தில் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்து வைத்திருந்த பிழையை நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவி, ஒரே இரவில் மிக அருகே காட்டத் தொடங்கியது. மே 3ஆம் தேதி ஒருவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அதன் இட எண்களை இணையத்தில் எழுதினார். வருகிறவர்கள் பதிந்துவிட்டுப் போக வேண்டும் என்று அந்த முதல் வாளியிலேயே குறிப்பேடு வைத்தார். இன்றைக்கும் அதுதான் விதி. பெயரை எழுதினால் கண்டுபிடித்ததாகக் கணக்கு, எழுதாவிட்டால் கணக்கில் இல்லை. அப்படியானால் உங்கள் கணவர் நான்கு பெட்டிகளாக உங்களிடம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இங்கே இல்லை என்கிறார். நீங்கள் ஆப்பில் அவருக்காகப் பதிவு போட்டு, அந்தப் பதிலை அழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இவ்வளவு நீளமான கடிதத்தில் அவர் தம் வாயால் பேசுவது இரண்டே இடத்தில்தான். கவனித்தீர்களா? ஒன்று, ‘ஒன்பது வருதே’. இன்னொன்று, ‘கண்டுபிடிச்சது நீதானே’. மற்றபடி அவர் என்ன நினைக்கிறார், என்ன விரும்புகிறார் என்பதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் பேசிய அந்த இரண்டு வாக்கியத்தில் முதலாவது சரி என்று பெட்டியே சொல்லிவிட்டது. இரண்டாவதும் சரிதான் என்று எனக்குப் படுகிறது.

அந்தப் படிகள் முன்னால் கொஞ்ச நேரம் நிற்போம். நீங்கள் மேலே பார்த்து எண்ணினீர்கள். அவர் கீழே பார்த்தார். சருகை ஒதுக்கினார், புதைந்து கிடந்த கல்லைப் பார்த்தார், அதையும் ஒரு படியாகச் சேர்த்து எண்ணினார். ஆர்வம் இல்லாதவர் செய்கிற வேலையா இது? புதிரைப் படிக்காமல் வந்தவர் என்கிறீர்கள். இடத்தைப் படித்தவர் அவர் ஒருவர்தான். நீங்களோ கேட்ட பிறகும் எட்டு என்று எழுதிக்கொண்டு நடந்தீர்கள். அவர் சொன்னதை மறுக்கக்கூட இல்லை, மறுத்திருந்தால் அது ஒரு பேச்சாகவாவது இருந்திருக்கும்.

அப்புறம், ‘அழுத்திச் சொல்ல வேண்டாமா’ என்று கேட்கிறீர்கள். இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன். சொன்னது காதில் விழவில்லை என்றால் அழுத்திச் சொல்லலாம். விழுந்தும் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்றால் ஒரு மனிதர் எத்தனை தடவை அழுத்துவார்? இது முதல் ஒன்பதாக இருக்காது. இதற்கு முன்னால் எத்தனையோ ஒன்பதுகளை அவர் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு மெல்லச் சொல்லப் பழகியிருப்பார். இப்போது பெயரையும் எழுதாமல் விடுகிறார். முள்ளுப் புதருக்குள் ஒன்றரை மணி நேரம் அவரும்தான் கையைக் கிழித்துக்கொண்டார், பெட்டி அங்கே இருக்காது என்ற எண்ணத்தோடு. அந்த ஒன்றரை மணி நேரத்தை உங்கள் கோபமாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அவர் பக்கத்திலிருந்து ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் எண்களோடு பழகியவர் என்பதால் ஒன்று கேட்கிறேன். மூன்றாவது இலக்கத்தில் ஒன்று பிசகினால் என்ன ஆகும்? இரண்டு மீட்டர்கூடத் தள்ளிப் போகாது. மரநிழலில் ஜிபிஎஸ்ஸே அதைவிட அதிகம் தடுமாறும், நீங்கள் கண்ணால் தேடி எடுத்துவிடுவீர்கள். முதல் இலக்கத்தில் ஒன்று பிசகினால்தான் 185 மீட்டர். அப்புறம் எவ்வளவு கவனமாகக் கிளறினாலும் தப்பான புதரைத்தான் கிளறிக்கொண்டிருப்பீர்கள். பேனாவும் சார்ஜும் மூன்றாவது இலக்கம். அவரைச் சரிசெய்ய வழி கேட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்களே, அதில் பிசகியது முதல் இலக்கம்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். என்னோடு வருவதே சலித்துவிட்டதோ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு அவர் மனசுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் சலித்தவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். இவர் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பத்தடி பின்னாலானாலும் வருகிறார். உங்கள் பெயரை அழகான கையெழுத்தில் எழுதுகிறார். அவர் உங்களை விட்டுப் போகவில்லை, தம் இடத்தை உங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். இரண்டும் ஒன்றில்லை. ஆனால் விட்டுக்கொடுத்தே பழகியவர் என்றைக்காவது வராமலும் இருந்துவிடலாம். அடைப்புக்குறிக்குள் நீங்கள் பயந்தது அதற்குத்தான், அந்தப் பயம் வீண் இல்லை.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, நம்புங்கள். வேலை போய் முடங்கிக் கிடந்த ஒரு பெண், ஒரு மரப்பொந்தில் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தபோது அழுதார் என்றால், அது அந்த டப்பாவுக்காக வந்த அழுகை இல்லை. என்னால் இன்னும் முடியும் என்று அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பெட்டியும் அதையே திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ‘கிடைக்கவில்லை’ என்று ஒருமுறைகூட நீங்கள் எழுதாததற்கும், அவருடைய ஒன்பதுக்கு உங்கள் தாளில் இடம் இல்லாமல் போனதற்கும் காரணம் ஒன்றுதான். 212 தடவை நிரூபித்துவிட்டீர்கள் அம்மா. போதும். அந்தப் பெண் எழுந்து வந்து ஆறு வருடமாகிறது.

அன்றைக்கு அவர் அரைமணி நேரம் சும்மா நின்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். கண் எதிரே விடை இருக்கிறது, வாயைத் திறக்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று புதிர் விடுவிக்கிற உங்களுக்குத் தெரியும். ‘அப்படி இருந்தவர் இப்படி ஆகிவிட்டாரே’ என்கிறீர்கள். எனக்கு அவர் மாறியதாகத் தெரியவில்லை. அன்றைக்கு மாதிரியே இன்றைக்கும் உங்களுக்காக ஒதுங்கி நிற்கிறார். அன்றைக்கு அது உங்களுக்குத் தேவைப்பட்டது. இனிமேல் வேண்டாம் என்று நீங்கள் அவரிடம் சொன்னதே இல்லை.

செய்ய வேண்டியது என்று பார்த்தால் அதிகம் இல்லை. ‘இந்த வாரம் நீங்கள் கண்டுபிடியுங்கள்’ என்று பெரிய மனசோடு அவருக்கு ஒரு பெட்டியை ஒதுக்கிக் கொடுக்காதீர்கள். குழந்தைக்கு விட்டுக்கொடுக்கிற மாதிரி இருக்கும், அவருக்கு அது உடனே புரிந்துவிடும். அவர் ஒரு எண் சொன்னால் அதை உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இரண்டையும் போட்டுப் பார்ப்போம் என்று சொல்லுங்கள். ஒரு நாள் பெட்டி கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்றே பதிவு போட்டுவிட்டு அவரோடு வீட்டுக்கு நடந்து போங்கள். அந்தப் பதிவு ஒளித்து வைத்தவருக்கும் உதவும், பெட்டி தொலைந்துவிட்டதா என்று அவர் வந்து பார்ப்பார்.

முக்கியமாக, ஆப்பில் அவர் கணக்கில் பதிவு போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். பிறகு அந்த வேருக்கடியில் இருக்கும் பெட்டிக்கு இருவரும் ஒருமுறை திரும்பிப் போங்கள். குறிப்பேட்டைத் திறந்து, ஒன்பது என்று சொன்னது நீங்கள்தான், நான் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பேனாவை அவரிடம் கொடுங்கள். பேனாவை அன்றைக்கு நீங்களே எடுத்துப் போய்விடுங்கள். அவர் எழுதினால் எழுதட்டும். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், நீங்களே அவர் பெயரை எழுதியும் விடாதீர்கள். ஏன் என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் மாதிரி சும்மா நில்லுங்கள், அரைமணி நேரம் ஆனாலும் சரி.

அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். சுருக்கமாக இருந்தாலும் பரவாயில்லை, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள்.