பிலிம் ரோலைப் பெட்டியில் போடலாமா?

கேள்வி: அடுத்த மாதம் சென்னையிலிருந்து லண்டனுக்கு மகன் வீட்டுக்குப் போகிறேன். அப்பாவின் பழைய பிலிம் கேமராவையும் கொண்டுபோக ஆசை. 200, 400 ஐஎஸ்ஓ ரோல்களோடு ஒரு 3200-ம் வாங்கிவிட்டேன். ஏர்போர்ட் எக்ஸ்ரேயில் பிலிம் கெட்டுப்போகும் என்கிறார்களே, ஈயப் பை வாங்கட்டுமா?
- வாசகர், நங்கநல்லூர்

பதில்: ஈயப் பைக்குக் காசு செலவழிக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் எப்படியும் பையைத் திறக்கச் சொல்வார்கள், இல்லை இன்னொரு தடவை ஸ்கேனரில் விடுவார்கள். அதைவிட முக்கியம், செக்-இன் பெட்டியில் ஒரு ரோல்கூடப் போகக் கூடாது. அந்த ஸ்கேனர்கள் ரொம்ப சக்தி வாய்ந்தவை. பிலிமுக்கு எக்ஸ்ரேயும் ஒரு வெளிச்சம்தான். கழுவிப் பார்த்தால் கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூத்து வெளுத்திருக்கும், சில சமயம் படத்தின் குறுக்கே அலை அலையாகக் கோடு ஓடும். ரோல் சுருண்டிருப்பதால் நேராக விழுந்த கதிர் அப்படி வளைந்து பதிகிறது, எந்த லேபாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

கைப்பையில் வைத்தால் மட்டும் போதுமா என்றால், அது எந்த மெஷின் என்பதைப் பொறுத்தது. பழைய மாதிரி எக்ஸ்ரே என்றால் 200, 400 எல்லாம் ஒன்றிரண்டு தடவை தாங்கும், ஆனால் ஒவ்வொரு தடவை படுவதும் சேர்ந்துகொண்டே போகும். ஐஎஸ்ஓ எண் கூடக் கூட பிலிம் வெளிச்சத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், அதனால் 3200 அதையும் தாங்காது. லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்டில் இப்போது கைப்பைக்கே சிடி ஸ்கேனர், அதாவது பல கோணங்களில் எக்ஸ்ரே எடுக்கும் மெஷின், வந்துவிட்டது, அதில் எந்த ரோலையும் விடாதீர்கள். கோடக், இல்ஃபோர்ட் இரண்டு கம்பெனியுமே கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றுதான் சொல்கின்றன.

அட்டைப் பெட்டிகளைப் பிரித்துவிட்டு ரோல்களை மட்டும் ஒரு தெளிவான ஜிப் கவரில் போட்டுக் கையிலேயே வைத்திருங்கள். 3200 டப்பா மேலே தெரியட்டும். ட்ரேயில் பையை வைப்பதற்கு முன்பே, “சார், இது கழுவாத பிலிம், கையால செக் பண்ண முடியுமா?” என்று பொறுமையாகக் கேளுங்கள். ஒத்துக்கொள்வது அந்த அதிகாரி கையில்தான் இருக்கிறது, அதனால் மீனம்பாக்கம் உங்களுக்குப் பக்கம்தான் என்றாலும் அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள். அவசரத்தில் கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அப்புறம், கேமராவுக்குள் ரோல் இருக்க வேண்டாம், கேமராவை எப்படியும் ஸ்கேனரில் விடச் சொல்வார்கள்.

முடிந்தால் எடுத்த ரோல்களை அங்கேயே கழுவி வாங்கிவிடுங்கள். கழுவிய நெகட்டிவை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது, திரும்பும்போது பெட்டியிலேயே போடலாம்.