விபத்துப் பிரிவு ஆராய்ச்சி: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

விபத்துக் காயங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆய்வு ஒருங்கிணைப்பாளர் வேலை எனக்கு. டாக்டர் இல்லை, ஃபைல், போன், மருந்துப் பெட்டி என்று அலைகிற ஆள். வீட்டு நோயாளிக்கு என்ன மருந்து கொடுக்கலாம் என்று கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதை அவரைப் பார்க்கும் டாக்டரிடம்தான் கேட்கவேண்டும்.

முத்துலட்சுமி: பைக் விபத்தில் அப்பா நினைவில்லாமல் கிடந்தார். ராத்திரி 2 மணிக்கு ஒரு ஆய்வுக்கு என்னிடம் கையெழுத்து கேட்டார்கள். பயந்துபோய் மறுத்துவிட்டேன். தப்பா?

தப்பே இல்லைம்மா. மறுத்ததால் சிகிச்சையில் ஒரு துளியும் குறையக் கூடாது. சம்மதித்திருந்தாலும் எந்த நாளிலும் விலகிக்கொள்ளலாம். நோயாளிக்கு நினைவில்லாதபோது நம் நாட்டில் சட்டப்படி அவர் சார்பில் நெருங்கிய உறவினர் கையெழுத்து போடலாம். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாகப் பக்கத்தில் இருக்கவேண்டும். அடுத்த முறை யாராவது கேட்டால் தகவல் தாளைத் தமிழில் வாங்குங்கள். நெறிமுறைக் குழுவை, அதாவது ஆய்வில் நோயாளிகளின் உரிமையைக் கவனிக்கும் குழுவைத் தொடர்புகொள்ளும் எண் அதில் இருக்கும். ஆய்வால் பாதிப்பு வந்தால் யார் செலவு, இழப்பீடு உண்டா என்பதும் இருக்கும்.

நான் சம்மதம் கேட்கப் போகும்போது முதலில் தண்ணீர் பாட்டிலைத்தான் நீட்டுவேன். சட்டையில் அப்பாவின் ரத்தம் காயாமல் நிற்கிற பிள்ளையிடம் ஆறு பக்கத் தாளைக் கொடுத்து என்ன புரியப் போகிறது? காதில் விழுகிறது, மனதில் ஏறுவதில்லை. அதனால் மறுநாள் காலையில் திரும்பப் போய் எல்லாவற்றையும் மறுபடி சொல்வேன்.

ஜெனிஃபர், நர்சிங் மூன்றாம் ஆண்டு: விபத்தில் ரத்தப்போக்கு என்றால் டிரானெக்ஸமிக் ஆசிட்டை 3 மணி நேரத்துக்குள் போடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். 3 மணி நேரத்துக்கு மேல் போனால் பலன் குறையும், அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை, அதனால்தான் இந்தக் கேள்வியை எடுத்தேன். மருந்து 1960களில் ஜப்பானின் ஒகமோட்டோ தம்பதி கண்டுபிடித்தது. உடம்பு கட்டிய ரத்தக் கட்டியை உடம்பே கரைக்கும் வேலையை அது தடுக்கிறது. கிராஷ்-2 என்ற ஆய்வில் இந்தியா உட்பட 40 நாடுகளில் 20,211 பேரைச் சேர்த்தார்கள். முடிவு 2010இல் வந்தது, நேரவாரியான கணக்கு 2011இல். 1 மணி நேரத்துக்குள் மருந்து கிடைத்தவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் 5.3 சதவீதம், மருந்தில்லாத குழுவில் 7.7. ஒன்றிலிருந்து 3 மணி நேரத்துக்குள் 4.8, மற்றவர்களில் 6.1. 3 மணி நேரம் தாண்டியதும் கணக்கு தலைகீழ்: மருந்து பெற்றவர்களில் 4.4, பெறாதவர்களில் 3.1. தாமதமாகப் போட்டால் பலன் குறைவதோடு நிற்கவில்லை, ரத்தப்போக்குச் சாவு கூடியது. ஆகவே கேஸ் ஷீட்டில் விபத்து நேரத்தைக் குத்துமதிப்பாக எழுதாதே. ஆம்புலன்ஸ்காரரிடம் கேள், கூட வந்தவரிடம் கேள். ஆஸ்பத்திரிக்குள் வந்த நேரத்தை விபத்து நேரம் என்று எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கிற பிழை.

கார்த்திக்: எல்லா வகைச் சாவும் சேர்த்து 16.0இலிருந்து 14.5க்குத்தானே குறைந்தது? இதற்கு இருபதாயிரம் பேரா?

இவ்வளவு சின்ன வித்தியாசம் என்பதால்தான் இருபதாயிரம் பேர். இருநூறு பேரில் பார்த்தால் அது தற்செயலில் மறைந்துவிடும். ஏறத்தாழ 67 பேருக்குக் கொடுத்தால் ஓர் உயிர் மிச்சம் என்று வையுங்கள். மலிவான மருந்துக்கு அது பெரிய லாபம்.

சரவணன்: ஆய்வில் பாதிப் பேருக்கு மருந்துக்குப் பதில் வெறும் உப்புத் தண்ணீரை ஏற்றுவது பாவமில்லையா?

ஆரம்பத்தில் எனக்கும் உறுத்தியது. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு போடுவது பல பத்தாண்டுப் பழக்கம். வீக்கம் குறையும், நியாயமான யோசனை. 2004இல் வெளியான முதல் கிராஷ் ஆய்வு அதைச் சோதித்தது. 10,008 பேர் சேர்ந்ததும் பாதியிலேயே நிறுத்தினார்கள், ஏனென்றால் இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு குழுவில் 21 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்றதில் 18. நல்லெண்ணத்தோடு அத்தனை வருடம் போட்ட ஊசி சார் அது! உப்புத் தண்ணீர் கிடைத்தவர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள். மற்ற வழக்கமான சிகிச்சை இரண்டு குழுவுக்கும் ஒன்றுதான், அதை யாரும் நிறுத்துவதில்லை.

ஹமீதா: யாருக்கு எது என்று டாக்டர் தனக்குப் பிடித்தபடி தேர்ந்தெடுக்க முடியாதா?

முடியாதபடி வைத்திருக்கிறார்கள். கிராஷ்-2இல் பல ஆஸ்பத்திரிகளுக்கு எண் போட்ட 8 பொட்டலங்கள் கொண்ட பெட்டி போனது. இருப்பதில் சிறிய எண்ணுள்ள பொட்டலத்தை எடுக்கவேண்டும், அவ்வளவுதான். மருந்தோ உப்புத் தண்ணீரோ, ஆம்பூல்கள் (சின்ன ஊசிமருந்துக் குப்பிகள்) பார்க்க ஒன்றுபோல இருக்கும்.

ராஜேஷ்: ஐசியூவில் அம்மாவுக்குச் சர்க்கரை 170. நர்ஸ் அலட்டிக்கொள்ளவே இல்லை. கவனக்குறைவா?

இல்லை. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் சாவு குறையும் என்று 2001இல் பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வு சொன்ன பிறகு ஐசியூக்களில் சர்க்கரையை 110க்குள் பிடித்து வைக்க முனைந்தார்கள். 2009இல் நைஸ்-சுகர் ஆய்வு, 6,104 பேர்: இறுக்கிப் பிடித்த குழுவில் 90 நாளில் 27.5 சதவீதம் இறப்பு, 180 வரை விட்ட குழுவில் 24.9. நர்ஸ் பாடம் படித்தவர்.

விமலா: உயிர் பிழைத்தால் ஆய்வில் வெற்றி என்று எழுதிவிடுவீர்களா?

அப்படி எழுத முடிந்தால் என் வேலை சுலபம். மூளை அழுத்தம் அடங்காதவர்களுக்கு மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்துவிடுகிற அறுவையை ரெஸ்க்யூ-ஐசிபி ஆய்வு 408 பேரில் சோதித்தது, முடிவு 2016இல். ஆறு மாதத்தில் அறுவைக் குழுவில் 26.9 சதவீதம் இறப்பு, மருந்து மட்டும் குழுவில் 48.9. அப்புறம் அடுத்த வரியைப் படிக்கவேண்டும்: உணர்வற்ற நிலையில் கிடந்தவர்கள் அறுவைக் குழுவில் 8.5 சதவீதம், மற்றதில் 2.1.

ஆறாவது மாதம் நாங்களும் வீட்டுக்குப் போன் போடுவோம். தனியாகக் கடைக்குப் போய் வருகிறாரா, வேலைக்குத் திரும்பினாரா என்று வரிசையாகக் கேட்போம். ஒருமுறை மனைவி எடுத்தார். "கடைக்குப் போறார். மீதி சில்லறையை எண்ணி வாங்கத் தெரியல, கடைக்காரரே எண்ணிக் கொடுத்துடறார்" என்றார். என் தாளில் 'ஆம்', 'இல்லை' இரண்டே கட்டம். கொஞ்ச நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.