மருவில் வைரஸ் தேடுவது: லேப்காரரிடம் கேள்வி பதில்

கேள்வி: சார், கழுத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக மரு தொங்குகிறது. வைரஸ் என்கிறார்கள். டெஸ்ட் எடுக்கணுமா?

பதில்: வேண்டாம். நம் பேச்சில் எல்லாமே மருதான், குழப்பமே அங்கேதான். விரலில் சொரசொரப்பாக முளைப்பதற்குக் காரணம் எச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்கிற வைரஸ். டாக்டர் அதை மேலாகச் சீவினால் உள்ளே பொடிப்பொடியாகக் கரும்புள்ளி தெரியும். ரத்தம் உறைந்த நுண்குழாய்கள் அவை. 1907இலேயே இத்தாலிய டாக்டர் சுஃபோ, மருவை அரைத்து, பாக்டீரியா புகாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றைத் தன் கையிலேயே ஏற்றி மருவை வரவழைத்துக் காட்டிவிட்டார். உங்களுடையது காம்போடு மெத்தென்று தொங்குகிற ரகம். உரசல், உடல் எடை, சர்க்கரை இவற்றோடு வருவது. காசு செலவழிப்பதென்றால் சுகர் டெஸ்ட் எடுங்கள்.

கேள்வி: தொங்கும் மருவிலும் எச்பிவி டிஎன்ஏ இருந்ததாகப் படித்தேனே?

பதில்: சில ஆய்வுகளில் 6, 11 வகைகள் கிடைத்தன, உண்மைதான். ஆனால் எச்பிவி நல்ல தோலிலும் இருக்கும், புருவ முடியின் வேரிலும் இருக்கும். டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் என்கிற லேப் டெஸ்ட், துளியூண்டு இருந்தாலும் பெருக்கிக் காட்டிவிடும். அதனால் நான் முதலில் பார்ப்பது, அதே ஆளின் பக்கத்துத் தோலையும் சோதித்தார்களா என்பதைத்தான். அடுத்தது, வைரஸ் செல்லுக்குள் வேலை செய்கிறதா, சும்மா மேலே ஒட்டியிருக்கிறதா?

லேபின் கைங்கரியமும் உண்டு. திசுவைப் புதைத்த மெழுகுக் கட்டிகளைச் சீவும்போது, ஒருவருடைய துணுக்கு கத்தியில் ஒட்டி அடுத்தவர் குழாய்க்குள் போய்விடும். அதற்காகவே இரண்டு கட்டிகளுக்கு நடுவே வெறும் மெழுகையும் சீவி பிசிஆரில் வைப்போம். ஒருமுறை எனக்கு வெறும் மெழுகே ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வேறு! அன்றைய வேலை மொத்தமும் குப்பைக்குப் போனது.

கேள்வி: பயாப்ஸிக்கு வெட்டியெடுத்த சதையை ஃபார்மலினில் (கெடாமல் வைக்கும் திரவத்தில்) போட்டுவிட்டார்களே, இனி பார்க்க முடியாதா?

பதில்: முடியும். ஃபார்மலினில் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும், அதனால் குட்டித் துண்டைத் தேடும் பிசிஆர் வேண்டும். நாள்கணக்கில் ஊறிவிட்டால் கஷ்டம்.

கேள்வி: பாப்பாவுக்கு முத்து முத்தாக, நடுவில் குழியோடு வந்திருக்கிறது. எச்பிவி ‘நெகட்டிவ்’. அப்போ வைரஸ் இல்லைதானே?

பதில்: கேள்வியை மாற்றிக் கேட்டால் பதிலும் மாறிப்போகும். நீங்கள் சொல்வது மொலஸ்கம் மாதிரி இருக்கிறது. அதுவும் வைரஸ்தான், பெரியம்மை வைரஸுக்குத் தூரத்துச் சொந்தம். எச்பிவி டெஸ்டில் அது சிக்காது. தோல் டாக்டர் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். அதுவரை பாப்பாவுக்குத் தனித் துண்டு வையுங்கள்.