தொண்டைக்கு வயசாகும், பாடகிக்கு வேலை இருக்கும்

கேள்வி (ஸ்ரீரங்கத்துலேருந்து ஒரு வாசகி): ரோம் நகரத்துலயே எடுத்த 'டோஸ்கா' ஓபரா வீடியோ ஒண்ணு பாத்தேன். பாஷை புரியல, ஆனா ரெண்டு மணி நேரம் எழுந்திருக்கல. அதுல டோஸ்காவா வர்ற அம்மா யாரு? இப்பவும் பாடறாங்களா?

அவங்க கேத்தரின் மால்ஃபிட்டானோ. நியூயார்க்ல 1948-ல பொறந்தவங்க, அப்பா மெட்ரோபாலிட்டன் ஓபரா ஆர்கெஸ்ட்ராவுல வயலின் வாசிச்சவர், அதனால வீட்டுக்குள்ளயே சங்கீதம். நீங்க பாத்தது 1992 ஜூலைல எடுத்தது, அதோட விசேஷம் தெரிஞ்சா இன்னொரு தடவை பாப்பீங்க.

ஓபரான்னா பாட்டாலயே நடக்கற நாடகம். புச்சினி இசையமைச்ச இந்த ஓபராவோட கதை 1800-ல ரோம்ல நடக்குது. முதல் அங்கம் ஒரு சர்ச்சுல, ரெண்டாவது ஃபார்னேஸே மாளிகைல, மூணாவது சான்ட் ஆஞ்சலோ கோட்டை மேல. மூணும் இன்னைக்கும் ரோம்ல அப்படியே இருக்கு, அந்த மாளிகைல இப்ப பிரெஞ்சு தூதரகம். ஒரு தயாரிப்பாளர் என்ன நினைச்சார்னா, அந்தந்த இடத்துலயே, கதைல வர்ற அந்தந்த நேரத்துலயே எடுத்து டிவில நேரடியா ஒளிபரப்பிடலாம்னு. பகல்ல சர்ச், ராத்திரி மாளிகை, மறுநாள் விடியக்காலைல கோட்டை. நேரடி ஒளிபரப்புங்க, தப்பு பண்ணினா ரீடேக் கிடையாது. மேடைன்னா ஆர்கெஸ்ட்ராவை நடத்தற கண்டக்டர் எதிர்லயே நிப்பார், இங்க நம்ம பம்பாய்க்காரர் ஸுபின் மேத்தா ஆர்கெஸ்ட்ராவோட வேற எங்கயோ ஒரு ஸ்டூடியோவுல இருக்கார், பாடறவங்க டிவி மானிட்டர்ல அவர் கையைப் பாத்துக்கிட்டே பாடணும், அதே சமயம் கேமரா மூஞ்சிக்கிட்ட இருக்கறதால மானிட்டரைப் பாக்கற மாதிரி தெரியவும் கூடாது. எனக்கெல்லாம் ஒரே சமயத்துல ஃபோனும் பேசி காய்கறியும் நறுக்க வராது. கூடப் பாடினது பிளாசிடோ டொமிங்கோவும் ருஜெரோ ராய்மோண்டியும். மால்ஃபிட்டானோவுக்கு இதுக்காக எம்மி விருது கிடைச்சுது.

இப்ப என்ன பண்றாங்கன்னு கேட்டீங்களே, அதுதான் சுவாரஸ்யம். டைரக்டராயிட்டாங்க, டீச்சராவும் ஆயிட்டாங்க. கீழ வர்ற கேள்விகள்ல அதெல்லாம் வருது.

கேள்வி (கோவைலேருந்து ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீசர்): நம்ம வித்வான்கள் எண்பது வயசுலயும் மூணு மணி நேரக் கச்சேரி பண்றாங்க. ஓபராக்காரங்க மட்டும் ஏன் அம்பது அம்பத்தஞ்சுலயே ஒதுங்கிடறாங்க? சாதகம் பத்தலையா?

சாதகத்துக்கு ஒரு குறையும் இல்ல சார். கணக்கே வேற. நம்ம பாடகர் வயசானா சுருதியை அரைக்கட்டை ஒரு கட்டை இறக்கிக்கலாம், யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, மைக்கும் இருக்கு. அங்க எழுபது எண்பது வாத்தியத்துக்கும் நோட்ஸ் அச்சடிச்சாச்சு, உங்க தொண்டைக்காக யாரும் சுருதியை மாத்தறதில்லன்னே வெச்சுக்கலாம், மேல இருக்கற ஸ்வரம் மேலதான் இருக்கும். மைக்கும் கிடையாது.

மைக் இல்லாம எப்படிக் கேக்குதுன்னா, ஆர்கெஸ்ட்ராவோட சத்தம் கிட்டத்தட்ட மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்துல கொஞ்சம் பலம் குறைஞ்சிருக்கும், பாடறவங்கள்ல நிறையப் பேர் தொண்டையையும் வாயையும் ஒரு விதமா அமைச்சு சரியா அந்த இடத்துல குரலைக் கூர்மையாக்கறாங்க. அதுக்கு உடம்பு பூரா உழைக்கணும். வயசாக ஆகக் குரல் நாண் தசை மெலியுது, ஸ்வரத்தைப் பிடிச்சு நிறுத்தினா ஆட ஆரம்பிக்குது, பெண்களுக்கு மாதவிடாய் நின்னதுக்கப்பறம் ஹார்மோன் மாத்தம் வேற. அம்பத்தஞ்சு வயசுல 'மேடம் பட்டர்ஃப்ளை' ஓபராவுல வர்ற பதினஞ்சு வயசுப் பெண்ணா நின்னு, ஆர்கெஸ்ட்ரா மேல குரல் கேக்கணும்னா யோசிச்சுப் பாருங்க.

கேள்வி (ஒரு தியேட்டர் மாணவர், சென்னை): நல்லாப் பாடறவங்க நல்லா டைரக்ட் பண்ணுவாங்கன்னு என்ன கேரண்டி?

ஒரு கேரண்டியும் இல்ல தம்பி. மரியா காலஸைவிடப் பெரிய மேடைக்காரி யாரு? 1973-ல இத்தாலில தூரின் ஊர்ல புதுசாத் திறந்த ஓபரா ஹவுஸ்ல, கூடப் பாடின தி ஸ்டெஃபனோவோட சேர்ந்து ஒரு வெர்டி ஓபராவை டைரக்ட் பண்ணினாங்க, விமர்சகர்கள் உதறித் தள்ளிட்டாங்க. தான் செய்யறது ஒண்ணு, இன்னொருத்தரைச் செய்ய வைக்கறது வேற.

ஆனா மால்ஃபிட்டானோ விஷயத்துல எனக்கு என்ன தோணுதுன்னா, அவங்க ஆரம்பத்துலேருந்தே குரலைவிட நடிப்புக்குத்தான் பேர் வாங்கினவங்க. 'சலோமே'ங்கற ஓபராவுல நடுவுல ஒரு பெரிய நடனம் உண்டு, நிறையப் பாடகிகள் அதை டான்ஸர் கிட்ட விட்டுட்டு ஓரமா மூச்சு வாங்குவாங்க, இவங்க தானே ஆடிட்டு அதே மூச்சோட கடைசி சீனையும் பாடுவாங்க. குரலோட அழகுல இவங்களைத் தூக்கிச் சாப்பிடறவங்க உண்டு, அதை மறைக்க வேண்டியதில்ல. ஒரு பாத்திரம் எங்க நிக்கணும், ஏன் திரும்பணும்னு முப்பது வருஷம் உடம்பால யோசிச்ச ஆளுக்கு டைரக்‌ஷன் புது வேலையே இல்ல.

2005-ல கொலராடோ மலைல சென்ட்ரல் சிட்டிங்கற சின்ன ஊர்ல 'மேடம் பட்டர்ஃப்ளை' டைரக்ட் பண்ணினாங்க. பழைய சுரங்க ஊர், ஓபரா ஹவுஸ் 1878-ல கட்டினது. 1972-ல இவங்க முதல் முதலா மேடை ஏறினதும் அங்கதான். அப்பறம் 2010-ல லண்டன்ல இங்கிலிஷ் நேஷனல் ஓபராவுக்கு 'டோஸ்கா', அங்க கிட்டத்தட்ட எல்லாத்தையும் இங்கிலீஷ்லதான் பாடுவாங்க. ரோம்ல தான் பாடின அதே வேஷத்தைப் பதினெட்டு வருஷம் கழிச்சு இன்னொரு பொண்ணுக்குக் குடுத்துட்டு எதிர்ல உக்காந்து பாக்கணும். அது லேசுன்னு எனக்குத் தோணல.

பாடின ஆள் டைரக்ட் பண்ணினா பாடறவங்களுக்கு ஒரு நிம்மதி உண்டு. கஷ்டமான இடத்துல மாடிப்படி ஏறச் சொல்ல மாட்டாங்க, கண்டக்டருக்கு முதுகு காட்டி நிக்கச் சொல்ல மாட்டாங்க, மூச்சு எங்க வாங்கணும்னு தெரியும். ஜெர்மனிக்காரங்க பிரிகிட்டே ஃபாஸ்பேண்டர் இன்னும் ஒரு படி மேல, 1995-ல பாட்டை நிறுத்திட்டு முழுசா டைரக்‌ஷனுக்கு வந்தாங்க, 1999-லேருந்து 2012 வரைக்கும் ஆஸ்திரியாவுல இன்ஸ்ப்ரூக் தியேட்டரையே நிர்வாகம் பண்ணினாங்க, 2021-ல எண்பத்திரண்டு வயசுல வாக்னரோட 'ரிங்' நாலு ஓபராவையும் டைரக்ட் பண்ண ஆரம்பிச்சாங்க. மொத்தம் பதினஞ்சு மணி நேரம் ஓடற சமாச்சாரம் அது.

கேள்வி (மதுரை வாசகர்): ஓபரா பாடகிகள் கடைசில காபரே பக்கம் போறாங்கன்னு படிச்சேன். காபரேன்னா பழைய படத்துல வில்லன் கூடாரத்துல ஆடுவாங்களே, அதா? சங்கடமா இருக்கு.

ஹா ஹா, நம்ம சினிமா அந்த வார்த்தையைப் பண்ணின பாடு! ஜிகுஜிகு டிரஸ், சுழல் லைட்டு, வில்லன் கைல கோப்பை. நிஜ காபரே பாரிஸ்ல மோன்மார்த் மேட்டுல 1881-ல 'கறுப்புப் பூனை'ங்கற கடைல ஆரம்பிச்சதுன்னு சொல்லுவாங்க, கவிஞர்களும் ஓவியர்களும் உக்காந்து குடிச்சுக்கிட்டே பாடி, அரசாங்கத்தையும் பணக்காரங்களையும் கிண்டல் பண்ணின எடம். சின்ன ரூம், ஒரு பியானோ, பாட்டுக்கு நடுவுல பேச்சு.

ஓபராலேருந்து இதுக்குப் பாலம் போட்டவர் குர்ட் வைல்ங்கற ஜெர்மன் இசையமைப்பாளர். 1928-ல பெர்லின்ல அவரோட 'மூணு பைசா ஓபரா' சக்கைப் போடு போட்டுச்சு, அதுல ஓபராவும் இருக்கு, தெருப்பாட்டும் இருக்கு. மால்ஃபிட்டானோ 1998-ல சால்ஸ்பர்க்ல அவரோட 'மகாகோனி'ல ஜென்னியாப் பாடினாங்க. தெரஸா ஸ்ட்ராட்டாஸுன்னு இன்னொரு ஓபரா நட்சத்திரம், வைலோட மனைவி லோட்டே லென்யாவே கூப்பிட்டு வெளிவராத பாட்டுகளைக் குடுத்தாங்க, 1981-ல அந்த ரெக்கார்டு வந்துச்சு, கேட்டுப் பாருங்க, தூக்கம் வராது.

இங்க கஷ்டம் என்னன்னா ஓபரா பழக்கம் முழுக்க மறக்கணும். ரெண்டாயிரம் பேருக்கு அனுப்பின குரலை ரெண்டடி தள்ளி உக்காந்தவருக்குச் சொல்ற குரலா மாத்தணும். கீழ் ஸ்தாயில, பேசற மாதிரி, வார்த்தை முன்னாடி வரணும். அதனால வயசான குரலுக்கு இது தண்டனை இல்ல. குரல்ல ஒரு கீறல் இருந்தா நல்லதுகூட. நிறைய பேர் இங்கதான் கெடுத்துக்கறாங்க, சின்னப் பாட்டை எடுத்துட்டு ஒவ்வொரு வரிக்கும் ஓபரா மகுடம் வெச்சுடறாங்க, கொசுவை அடிக்க உலக்கை.

கேள்வி (பாட்டு டீச்சர், தஞ்சாவூர்): பெரிய பாடகிகள் நல்ல குருவா இருப்பாங்களா?

எப்பவும் இல்ல மேடம், உங்களுக்கே தெரியும். பிறவியிலேயே வந்தவங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு சொல்லத் தெரியாது. 'மூக்குக்கு மேல அதிர்வு வரணும்'பாங்க, அது அவங்க மண்டைல நடந்த அதிர்வு, புள்ள மண்டை வேற. மால்ஃபிட்டானோ தான் 1971-ல படிச்சு முடிச்ச மன்ஹாட்டன் ஸ்கூல் ஆஃப் மியூசிக்லயே பாட்டு வாத்தியாரா வந்தாங்க. காலஸ் மாஸ்டர் கிளாஸ்கள் 1971, 72-ல நியூயார்க்ல ஜூலியார்டு இசைப் பள்ளில நடந்துச்சு, அதோட பதிவுகள்ல கவனிங்க, டெக்னிக்கைவிட 'இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்'ங்கறதுலதான் நேரம் போகுது. அது எந்த ஊர்ப் பாட்டுக்கும் பொருந்தும், நீங்களும் பண்ணிப் பாருங்க.

கேள்வி (பேர் போடாம ஒரு வாசகி): காசு வருமா இதுல?

பாடகிக்கு ஷோவுக்கு இவ்வளவுன்னு சம்பளம், ஜலதோஷம் வந்தா அன்னைக்குப் பெரும்பாலும் பூஜ்யம். டைரக்டருக்கு மொத்தமா ஒரு தொகை, முதல் ஷோ முடிஞ்சா பெட்டி கட்டலாம். டீச்சருக்கு மாசச் சம்பளம். நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

கேள்வி (மறுபடி ஸ்ரீரங்கம் வாசகி, தபால் கார்டுல): வீட்டுக்காரருக்கும் காட்டணும், முழுசா உக்கார மாட்டார். எந்த இடத்தைப் போட்டுக் காட்டட்டும்?

ரெண்டாவது அங்கம், மாளிகை. முக்கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். சாப்பாட்டு மேஜை மேல ஒரு கத்தி இருக்கும், டோஸ்காவுக்கு முன்னாடியே அவரைப் பாத்து வெச்சுக்கச் சொல்லுங்க.